நுண்துளை முதுகெலும்பு அறுவையில் கருவி உடைந்தால்: கேள்வி பதில்

கேள்வி (எலும்பியல் முதுநிலை மாணவர்): குழாய் வழியே டிஸ்க்கை (முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டு) அகற்றும்போது, திசுவைக் கடித்தெடுக்கும் இடுக்கியான ரோஞ்சரின் தாடை முறிந்து உள்ளே விழுந்துவிட்டால் முதலில் என்ன செய்வது?

பதில்: கையை அப்படியே நிறுத்துங்கள். குழாயை அசைக்க வேண்டாம், சலைன் விட்டுக் கழுவவும் வேண்டாம். துணுக்கு விழுந்த இடம் அந்தக் கணத்தில்தான் நமக்குத் தெரியும், அடுத்த அசைவில் அது நரம்பு வேரின் அடிக்கோ டிஸ்க்கின் ஆழத்துக்கோ போய்விடலாம். நுண்ணோக்கியில் தெரிந்தால் பார்த்தபடியே பற்றி எடுங்கள். தெரியாவிட்டால் சி-ஆர்மில் (அறுவை அரங்கில் பயன்படும் எக்ஸ்ரே கருவி) நேர்ப்படம், பக்கப்படம் இரண்டையும் எடுத்த பிறகே கருவியை உள்ளே விடுங்கள். டிஸ்க்கின் முன்சுவரைத் தாண்டினால் பெருந்தமனியும் பெருஞ்சிரையும் அவற்றின் கிளைகளும் இருப்பதால், கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில் துழாவுவது துணுக்கைவிடப் பெரிய ஆபத்து என்பதை நான் மாணவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வதுண்டு.

ஒருமுறை நாங்கள் நெடுநேரம் தேடிய துணுக்கு, வெளியே எடுத்த டிஸ்க் சதையோடு ஒட்டிக்கொண்டு கிண்ணத்திலேயே கிடந்தது. அதன் பிறகு கிண்ணம், பஞ்சுத் துணி, சக்‌ஷன் பாட்டில் மூன்றையும் உடனே பார்க்கச் சொல்கிறேன்.

கேள்வி (அறுவை அரங்கச் செவிலியர்): திருகுக்கு வழிகாட்டும் மெல்லிய உலோகக் கம்பியான கே-வயர் ஏன் முறிகிறது?

பதில்: வயர் ஒரு கோணத்திலும் அதன் மேல் ஏறும் துளையுள்ள திருகு வேறொரு கோணத்திலும் செல்லும்போது வயர் வளைகிறது, திருகின் விளிம்பு அந்த வளைவிலேயே உரசி அதை அறுக்கிறது. முன்பே வளைந்த வயரை நிமிர்த்தி மீண்டும் கொடுக்கக் கூடாது. முறிந்த முனை எலும்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் பற்றி இழுத்துவிடலாம். முழுவதும் எலும்புக்குள் அசையாமல் பதிந்து, தண்டுவடக் கால்வாயையோ மூட்டையோ தொடாமல் இருந்தால், அதற்காக எலும்பைக் குடைவதைவிட விட்டுவிடுவதே பல நேரங்களில் நல்லது. கால்வாய்க்குள் இருந்தால் எடுத்தே ஆக வேண்டும். முன்புற எலும்புச் சுவரைத் தாண்டியிருந்தால், இரத்தக்குழாய் அறுவை நிபுணரை அழைக்காமல் அதைத் தொடாதீர்கள். வெளியே வந்த துண்டுகளைத் தட்டில் பொருத்தி, முழுக் கருவியும் சேர்கிறதா என்று பார்ப்பது உங்கள் கையில் இருக்கிறது.

கேள்வி (நோயாளியின் மகள்): அப்பாவின் முதுகில் சிறு உலோகத் துணுக்கை விட்டிருப்பதாக மருத்துவர் சொன்னார். இனி எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா?

பதில்: அவர் மறைக்காமல் சொன்னது சரியான செயல், அம்மா. எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா என்பது அந்த உலோகத்தைப் பொறுத்தது: டைட்டானியம் காந்தத்தால் ஈர்க்கப்படாது, ஆனால் ரோஞ்சர் போன்ற வெட்டுக் கருவிகள் பெரும்பாலும் காந்தம் ஈர்க்கும் கடின எஃகால் ஆனவை. ஆகவே எந்தக் கருவியின் துணுக்கு, எவ்வளவு பெரியது, எங்கே இருக்கிறது என்பதை டிஸ்சார்ஜ் அறிக்கையில் எழுதி வாங்குங்கள். ஸ்கேன் எடுக்கும் இடத்தில் ஒவ்வொரு முறையும் அதை முதலில் காட்டுங்கள். காலில் புதிதாக வலியோ மரத்துப்போதலோ, சிறுநீர் கழிப்பதில் சிரமமோ தெரிந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.