வாசகர் கேள்வி – பதில்: முற்றத்தின் மேல் பொலிகாபனேற் கூரை

கேள்வி: எங்களுடையது அப்பப்பா காலத்து நாற்சார் வீடு. மாரி மழைக்கு முற்றத்துச் சாரல் விறாந்தை முழுவதையும் நனைத்துவிடுகிறது. அம்மா ஈரத்தில் வழுக்கி விழுந்துவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது. பன்னிரண்டடிச் சதுரமான அந்த முற்றத்தைப் பொலிகாபனேற் என்ற ஒளிபுகும் பிளாஸ்ரிக் சீற்றால் மூடிவிடலாம் என்கிறார்கள். வீடு வெக்கையாகிவிடாதா?
– வாசகி, கோண்டாவில்

பதில்: மூடலாம். ஆனால் ஓட்டுக் கூரையோடு ஒட்டி, இடைவெளி இல்லாமல் மூடினால் நீங்கள் பயப்படும் வெக்கை நிச்சயம் வரும். நாற்சார் வீட்டின் முற்றம் வெளிச்சத்துக்காக மட்டும் விடப்பட்டதன்று. அறைகளிலும் விறாந்தைகளிலும் சூடேறிய காற்று அதன் வழியாகவே மேலெழுந்து வெளியேறுகிறது, அந்த இடத்தை நிரப்ப யன்னல்களால் புதுக் காற்று வருகிறது. பொலிகாபனேற் வெயிலை உள்ளே விடும். அந்த வெயிலில் சூடான சீமெந்துத் தரையிலிருந்து கிளம்பும் வெப்பக் கதிரையோ வெளியே விடாது. சித்திரை வருடப்பிறப்பை ஒட்டிய நாட்களில் யாழ்ப்பாணத்தில் நண்பகற் சூரியன் நேர் உச்சியில் நிற்பதை நினைத்துப் பார்த்தால், மூடிய முற்றம் என்ன பாடுபடும் என்பது விளங்கும்.

ஆகவே இரும்புச் சட்டத்தை ஓட்டுக்கு மேலே ஒன்றரை அல்லது இரண்டு அடி உயர்த்தி, நான்கு பக்கமும் காற்றுப் போக இடம் விட்டு, சரிந்து வரும் மழை புகாதபடி சீற்றை முற்றத்தின் விளிம்புக்கு அப்பால் இரண்டடியாவது நீட்டிப் போடச் சொல்லுங்கள். தெளிந்த சீற்றைவிடப் பால்வெள்ளை நிறத்தையே நான் விரும்புவேன். கண் கூசாத, பரவலான வெளிச்சம் கிடைக்கும், வெப்பமும் குறையும்.

பாரத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். 10 மில்லிமீற்றர் இரட்டைச் சுவர்ச் சீற், அதாவது இரண்டு மெல்லிய தகடுகளுக்கு இடையே வெற்றுக் குழாய்கள் ஓடும் சீற், சதுர மீற்றருக்கு 1.7 கிலோ அளவில்தான் இருக்கும். 6 மில்லிமீற்றர் கண்ணாடியோ 15 கிலோ. பாரம் குறைந்த பொருளைக் காற்றுத் தூக்கும் என்பதால், சோளகத்துக்குத் தாங்கும்படி குறுக்குச் சட்டங்களை நெருக்கமாக வைக்க வேண்டும். இதில் மிச்சம் பிடிக்காதீர்கள். பத்தடிக்கு ஓர் அடி சரிவு விட்டால் உங்கள் பக்கத்துச் செம்மண் தூசியை மழையே கழுவிவிடும். சீற்றின் உள்ளே நீளவாக்கில் ஓடும் குழாய்கள் அந்தச் சரிவோடுதான் போக வேண்டும். மேல் நுனியை அலுமினிய ரேப்பால் இறுக மூடி, கீழ் நுனிக்கு நுண்துளையுள்ள ரேப்பை ஒட்டாவிட்டால், ஒரு மாரிக்குள்ளேயே உள்ளே பாசி படர்ந்து எறும்பும் குடியேறிவிடும்.

கேள்வி: மூன்று வருடங்களுக்கு முன் போர்ட்டிக்கோவுக்குப் போட்ட சீற் மஞ்சளித்து, திருகாணிகளைச் சுற்றி வெடித்திருக்கிறது. பின்னேரங்களில் ‘டக் டக்’ என்று சத்தமும் கேட்கிறது. சீற் தரமில்லையா, பூட்டியவரின் பிழையா?
– வாசகர், கரவெட்டி

பதில்: நீங்கள் எழுதியிருப்பவை இரண்டு வேறு பிழைகள். இரண்டுமே பெரும்பாலும் பூட்டும்போது நேர்பவை.

பொலிகாபனேற் பலவீனமான பொருளன்று. 1953இல் ஜேர்மனியில் ஹேர்மன் ஷ்னெல் இதைக் கண்டுபிடித்தார். நமது இறுவட்டுகள் இதனால் ஆனவைதான், சுத்தியலால் அடித்தாலும் கண்ணாடிபோல் நொறுங்காது. ஆனால் கழியூதாக் கதிர் இதன் எதிரி. அதைத் தடுக்கும் பூச்சு ஏறக்குறைய 50 மைக்ரோன் தடிப்பில், தலைமயிரைவிட மெல்லியதாக, பல சீற்றுகளில் ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கும். எந்தப் பக்கம் வானத்தைப் பார்க்க வேண்டும் என்பது மேலே ஒட்டியுள்ள பொலித்தீன் தாளில் அச்சிடப்பட்டிருக்கும். அந்தத் தாளை நிலத்தில் வைத்தே உரித்துவிட்டால் பிறகு எவருக்கும் பக்கம் தெரியாது. என் சகோதரி வீட்டுக் கிணற்றடியில் ஒரே கட்டிலிருந்து எடுத்த இரண்டு சீற்றுகள் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. ஒன்று இன்றும் தெளிவாக இருக்கிறது. தலைகீழாகப் போன மற்றது பழைய நெய்யின் நிறத்துக்கு மாறி, நகத்தால் சுரண்டினால் பொருக்காக உதிர்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம், உரிக்குமுன் ஒரு நிமிடம் பார்த்திருக்கலாமே என்று மனம் வருந்தும்.

வெடிப்புக்கும் சத்தத்துக்கும் காரணம் விரிவு. இந்தப் பொருள் ஒவ்வொரு பாகை செல்சியசுக்கும் மீற்றருக்கு 0.065 மில்லிமீற்றர் நீளும். இது இரும்பைவிட ஐந்து மடங்குக்கு மேல். அதிகாலையில் 25 பாகையில் இருக்கும் 6 மீற்றர் சீற், நண்பகலில் 60 பாகைக்குச் சூடானால் 13 மில்லிமீற்றருக்கு மேல் நீண்டுவிடும். திருகாணியின் அளவுக்கே துளை போட்டு இறுக்கியிருந்தால் அது போக வழியில்லாமல் துளையைச் சுற்றி வெடிக்கும். பின்னேரம் சுருங்கும்போது இழுபட்டுச் சத்தமிடும். துளை திருகாணியைவிட 3 மில்லிமீற்றராவது பெரிதாக இருக்க வேண்டும். வொஷர் ஈபிடிஎம் என்ற செயற்கை இறப்பராக இருக்கட்டும், பீவீசி வேண்டாம். அதிலுள்ள மென்மையாக்கி சீற்றைத் தின்றுவிடும். வொஷர் பிதுங்கும்வரை முடுக்கவும் கூடாது. சீற் தொடும் இரும்பின் மேற்புறத்துக்கு வெள்ளை பெயின்ற் அடித்தால் அந்த வரிசையில் சூடு குறையும்.

மஞ்சளித்ததை எந்த மெருகும் மீட்காது. அதை மாற்றத்தான் வேண்டும்.

கேள்வி: சுவருக்கு வெள்ளையடித்தபோது சீற்றில் தெறித்த சுண்ணாம்பைத் தின்னரால் துடைக்கலாமா?
– வாசகி, இணுவில்

பதில்: கூடவே கூடாது. தின்னர், பெற்றோல், அசற்றோன் எதுவும் படக் கூடாது. பட்ட இடத்தில் மயிரிழை வெடிப்புகள் உண்டாகும். சுண்ணாம்பும் ஈரச் சீமெந்தும் காரத்தன்மை உள்ளவை என்பதால் அவையும் கெடுதலே. சவர்க்காரம் கரைத்த இளஞ்சூட்டுத் தண்ணீரில் நன்றாக ஊறவிட்டு, பருத்தித் துணியால் மெல்லத் துடைத்து, நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். கத்தியால் சுரண்ட வேண்டாம். அடுத்த முறை வெள்ளையடிக்கும் முன் சீற்றின் மேல் பழைய சாக்கை விரித்துவிடுங்கள்.