கீறல் விழுந்த ரெக்கார்டு: வாசகர் கேள்விகள்

கேள்வி: டிரோன் (ஒரே ஒலி நீண்டு நிற்கிற இசை), நாய்ஸ் (இரைச்சலையே இசையாக்குவது), பழைய எலெக்ட்ரானிக் என்று தேடித்தேடிக் கேட்கிறவன் நான். இந்த மாதிரி பரிசோதனை இசையை எல்.பி. ரெக்கார்டில் மட்டும்தான் வெளியிட வேண்டும், ஸ்ட்ரீமிங்கில் போட்டால் அரை நிமிஷம் கேட்டுவிட்டு அடுத்ததுக்குத் தாவிவிடுவார்கள், காசு கொடுத்து வாங்கினவன்தான் உட்கார்ந்து கேட்பான் என்று என் நண்பன் அடித்துச் சொல்கிறான். அவனிடம் டர்ன்டேபிள் (ரெக்கார்டு ஓட்டுகிற மிஷின்) இருக்கிறது, என்னிடம் இல்லை. அவன் சொல்வது நியாயமா?
— ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: பாதி நியாயம். அந்த 'மட்டும்' என்ற வார்த்தையோடுதான் எனக்குத் தகராறு.

ரெக்கார்டை உறையிலிருந்து உருவி, தூசி துடைத்து, முள்ளை வைத்துவிட்டு உட்கார்ந்தால் அந்தப் பக்கம் முடிகிறவரை எழுந்திருக்க மனசு வராது, அது உண்மைதான். காசு விஷயத்திலும் உங்கள் நண்பர் பக்கம் நியாயம் இருக்கிறது. ஸ்பாட்டிஃபையில் 30 வினாடி ஓடினால் அது ஒரு கணக்கு, அவ்வளவுதான்; ஒரு மணி நேரம் ஓடுகிற டிரோனும் மூன்று நிமிஷ சினிமாப் பாட்டும் அங்கே ஒரே தராசில்தான் நிற்கும். போதாததற்கு 2024 முதல், முந்தைய 12 மாதங்களில் 1000 முறையாவது கேட்கப்படாத டிராக்குக்கு ராயல்டியே கிடையாது. வருஷத்துக்கு இருநூறு பேர் கேட்கிற இசையைச் செய்கிறவருக்கு அங்கிருந்து ஒரு டீ செலவுகூட வராது, நூறு ரெக்கார்டு விற்றால் அடுத்ததைச் செய்யவாவது கொஞ்சம் மிஞ்சும்.

அப்புறம், ரெக்கார்டில் இருந்தால்தான் அர்த்தமே உண்டு என்கிற இசையும் நிஜமாகவே இருக்கிறது. பேசினதையே பேசுகிறவரைக் 'கீறல் விழுந்த ரெக்கார்டு' என்கிறோம் இல்லையா, அதையே ஒரு இசைமுறையாக ஆக்கியவர் பாரிஸ் வானொலியில் வேலை பார்த்த பியர் ஷேஃபர். 1948-இல் ரயில் சத்தங்களைப் பதிவு செய்து, தட்டில் வெட்டுகிற வரியை, அதாவது முள் ஓடுகிற பள்ளத்தை, சுருளாக ஓடவிடாமல் வட்டமாக மூடிவிட்டார், சுற்றுக்குச் சுற்று அதே துண்டு திரும்பத் திரும்ப வந்தது. பதிவு செய்த நிஜ ஒலிகளையே வெட்டி ஒட்டி இசையாக்குகிற மியூசிக் காங்க்ரேத் என்கிற வகையே அங்கேதான் ஆரம்பித்தது. அவர் வெட்டியது இன்றைய வினைல் தட்டு இல்லை, ஆனால் உத்தி அதேதான். 1975-இல் அமெரிக்க ராக் பாடகர் லூ ரீட் வெளியிட்ட மெட்டல் மெஷின் மியூசிக் இரண்டு ரெக்கார்டு முழுக்க கிட்டார் ஃபீட்பேக் இரைச்சல், கடைசிப் பக்கத்தின் கடைசி வரி இதே மாதிரி வட்டமாக மூடியது, நேரம் போடுகிற இடத்தில் '16:01 அல்லது முடிவிலி' என்று அச்சடித்திருந்தார்கள். சிடியில் அதை எங்கேயாவது நிறுத்தித்தான் ஆக வேண்டும். ரெக்கார்டுகளையே வைத்துக் கலை செய்கிற கிறிஸ்டியன் மார்க்லே 1985-இல் உறையே இல்லாமல் ஒரு ரெக்கார்டு விற்றார், பாதுகாப்பான உறையில் வைக்காதீர்கள் என்று தட்டிலேயே எழுதி. கடையில், பையில், வீட்டு அலமாரியில் படுகிற ஒவ்வொரு கீறலும் அந்த இசையில் சேர்ந்துகொள்ளும், அதனால் உங்களிடம் இருக்கிற பிரதியும் என்னிடம் இருக்கிற பிரதியும் நாளாக நாளாக வேறு வேறு இசை. இதை எம்பி3 ஆக்கித் தருவது வாழையிலையை ஜெராக்ஸ் எடுத்துச் சாப்பாடு போடுகிற மாதிரி. இவர்கள் 'ரெக்கார்டில் மட்டும்' என்று சொன்னால் நான் வாயே திறக்க மாட்டேன்.

ஆனால் உங்கள் நண்பர் சொல்வது இதை இல்லையே. எல்லாவற்றையும் அதில்தான் போட வேண்டும் என்கிறார். அப்போது பிரெஞ்சு இசையமைப்பாளர் எலியான் ரதீக்கை என்ன செய்வது? ஏ.ஆர்.பி. சிந்தசைசரை (மின்சாரத்தால் ஒலி உண்டாக்குகிற கருவி) வைத்துக்கொண்டு அவர் செய்த 'மரண முப்பகுதி' என்கிற படைப்பில் ஒவ்வொரு பகுதியும் ஏறக்குறைய ஒரு மணி நேரம், ஒலி மாறுவதே தெரியாமல் மாறும், பத்து நிமிஷம் கழித்துத்தான் அடடா வேறெங்கேயோ வந்துவிட்டோமே என்று உறைக்கும். எல்.பி.யில் ஒரு பக்கத்துக்கு வசதியாக 22 நிமிஷம் கொள்ளும். நடுவில் எழுந்து தட்டைத் திருப்பிப் போட்டால் அந்த இசை செத்தது. அமெரிக்க இசையமைப்பாளர் மார்ட்டன் ஃபெல்ட்மனின் இரண்டாவது ஸ்ட்ரிங் குவார்டெட் (நான்கு தந்தி வாத்தியங்களுக்கான இசை) கிட்டத்தட்ட ஆறு மணி நேரம், ரெக்கார்டில் போட்டால் பதினாறு பதினேழு பக்கம் வரும், கேட்கிறவர் சர்வர் வேலை பார்க்க வேண்டியதுதான். அது ஒரே டிவிடியில் இடைவெளி இல்லாமல் வந்தது, அதுதான் அதற்கு ஏற்ற பாத்திரம். ஆங்கிலேய இசைக்கலைஞர் பிரையன் ஈனோவையே பாருங்கள், 1975-இல் எல்.பி.யின் ஒரு பக்கம் முழுக்க அரை மணி நேரம் ஓடுகிற ஒரே இசையைப் போட்டவர், சிடி வந்த பிறகு 1985-இல் தர்ஸ்டே ஆஃப்டர்நூன் என்று 61 நிமிஷத்துக்கு நிறுத்தாமல் ஓடுகிறதைச் செய்தார். பாத்திரம் பெரிசானதும் அதற்கேற்ப சமைத்தார்.

இன்னொன்று. 1983-இல் பிரெஞ்சு எலெக்ட்ரானிக் இசைக்காரர் ழான் மிஷெல் ழார் தன் ஆல்பம் ஒன்றை ஒரே ஒரு பிரதி மட்டும் அச்சடித்து பாரிஸில் ஏலம் விட்டார். 69,000 ஃபிராங்குக்குப் போனது. பிரதி எடுக்கிற மூலமான மாஸ்டரையும் அழித்துவிட்டார்கள். ஆனால் வானொலியில் ஒரு தடவை முழுசாக ஒலிபரப்ப விட்டு, பதிவு செய்துகொள்ளுங்கள் என்று ழாரே சொன்னார். இன்று அதை நாம் கேட்க முடிகிறதென்றால், அன்றைக்கு ரேடியோவுக்குப் பக்கத்தில் கேசட்டோடு உட்கார்ந்திருந்தவர்கள் கொரகொரவென்று பதிந்ததுதான் காரணம். வாங்கியவரால் இல்லை, பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஆனால் ஒலித்தரம் என்று வந்தால் எல்.பி.தானே உசத்தி? அதற்காகவே அதில் மட்டும் வெளியிடலாமே?
— ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: பழைய பாட்டு அதில் நன்றாக இருக்கும், கேட்கச் சுகம், நானே சாட்சி. ஆனால் விசித்திரமான ஒலிகளுக்கு அது கொஞ்சம் கறாரான வாத்தியார். தட்டு நிமிஷத்துக்கு 33⅓ தடவை ஒரே சீராகத்தான் சுற்றுகிறது, ஆனால் வெளி ஓரத்தில் முள் வினாடிக்குக் கிட்டத்தட்ட 50 சென்டிமீட்டர் வரியைக் கடக்கும், லேபிளுக்குப் பக்கத்தில் வரும்போது 20 சொச்சம்தான். அங்கே அதே ஒலியைப் பாதி இடத்தில் நெருக்கிப் போட வேண்டியிருப்பதால் கூரான உச்ச ஒலிகள் பிசிறடிக்கும். ஆழமான பேஸ் ஒலி இடது வலது ஸ்பீக்கர்களில் முரண்பட்டு வந்தால் முள் துள்ளும், அதனால் வெட்டுகிறவர் பேஸை நடுவில் கொண்டுவந்து சேர்த்துவிடுவார். சத்தம் கூடினால் வரி அகலமாகும், அகலமானால் நேரம் குறையும். இரைச்சல் இசைக்காரருக்கு மூன்று பக்கமும் வேலி!

மௌனம் இன்னும் மோசம். மிக மெல்லிய டிரோன் ரெக்கார்டு ஒன்றை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தேன், சுங்க வரியும் கட்டி. பிரித்துப் பார்த்தால் அப்பளம் மாதிரி ஒரு ஓரம் தூக்கிக்கொண்டிருந்தது. அனுப்பிய கடைக்கு எழுதினேன், மூன்று மாதம் ஆகிறது, இன்னும் பதில் இல்லை. மேலே ஒரு எவர்சில்வர் மூடியை ஏற்றி வைத்துப் பார்த்தேன் (செய்யாதீர்கள், பலனில்லை). ஓடவிட்டால் ஒவ்வொரு சுற்றுக்கும், அதாவது 1.8 வினாடிக்கு ஒரு தடவை, 'உஃப்' என்று ஒரு மூச்சு. நடுநடுவே டிக், டிக். அந்த இசையில் நடக்கிற பெரிய சம்பவமே அந்த டிக்தான் என்று ஆகிவிட்டது.

கேள்வி: வீட்டில் லேப்டாப்பும் ஒலியை மாற்றுகிற இரண்டு பழைய எஃபெக்ட்ஸ் பெட்டியும் வைத்து இரைச்சல் இசை செய்கிறேன். முதல் ஆல்பத்தை 300 எல்.பி. அடிக்கலாம் என்று ஆசை. செய்யலாமா?
— ஒரு வாசகர், சென்னை

பதில்: முந்நூறு வேண்டாம். உங்கள் கட்டிலுக்கடியில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். ரெக்கார்டு அச்சடிக்கிற ஆலைகளுக்குக் குறைந்தபட்ச எண்ணிக்கை உண்டு, மாஸ்டர் வெட்டுவதிலேயே பெரும் பணம் போய்விடும். அந்த மாஸ்டர் வெட்டுகிற, 'லாக்கர்' என்கிற பூச்சுத் தட்டைச் செய்வதற்கு உலகத்தில் இரண்டே முக்கிய இடம் இருந்து, கலிஃபோர்னியாவில் இருந்த ஒன்று 2020 பிப்ரவரியில் எரிந்துபோய், ஜப்பானில் இருப்பதை நம்பியே பெரும்பாலானவர்கள் காத்திருந்தது ஞாபகம் இருக்கலாம். அவ்வளவு மெல்லிய கயிற்றில் எல்லா இசையையும் தொங்கவிடச் சொல்கிறார்கள் சிலர்.

இசைக்காரர்களே நேரடியாக விற்கிற பேண்ட்கேம்ப் தளத்தில் போடுங்கள், விலையை நீங்களே வைக்கலாம். கையில் பிடிக்க ஏதாவது வேண்டுமென்றால் ஐம்பது கேசட் போதும். ஜப்பானில் மெர்ஸ்பவ் போன்ற இரைச்சல் இசைக்காரர்கள் எல்லாம் 1980-களில் கேசட்டில் பதிந்து தபாலில் அனுப்பித்தான் ஊருக்கு ஊர் தெரிந்தார்கள். எல்.பி. வாங்கவே இருபது பேர் அடம் பிடித்தால் ஒவ்வொன்றாக வெட்டித் தருகிறவர்களிடம் இருபது வெட்டிக்கொள்ளுங்கள், உறைக்குள் டவுன்லோடு செய்துகொள்ள ஒரு ரகசிய எண்ணையும் வையுங்கள்.

கேள்வி: நம் நாட்டில் இந்த மாதிரி இசை எங்கே இருந்தது? எல்லாம் வெளிநாட்டுக் கதையாகவே சொல்கிறீர்களே.
— ஒரு வாசகர், மதுரை

பதில்: இருந்தது. 1969-இல் அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் ஒரு மூக் சிந்தசைசரை நிறுவ உதவினார். கீதா சாராபாய், ஐ.எஸ். மாத்தூர், எஸ்.சி. சர்மா போன்றவர்கள் அதில் 1972 வரை டேப் டேப்பாகப் பதிந்தார்கள். பிறகு அந்தச் சுருள்கள் ஆவணக்காப்பகத்தில் பல பத்தாண்டு தூங்கின. இசைக்கலைஞர் பால் பர்கஸ் தேடி எடுத்துச் சீர்செய்து 2023-இல் வெளியிட்டார், எல்.பி.யாகவும் வந்தது, டிஜிட்டலாகவும் வந்தது. ஐம்பது வருஷம் யாருமே கேட்காமல் கிடந்ததை மறுபடியும் நூறு இருநூறு பேரின் அலமாரிக்குள் பூட்டியிருந்தால் எனக்கு வயிறு எரிந்திருக்கும். நான் முதலில் கேட்டது போனில், ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு, விளக்கை அணைத்துவிட்டு.

கோயம்புத்தூர்க்காரரும் அப்படியே கேட்டுப் பார்க்கலாம். லூ ரீடின் அந்தக் கடைசி வரிக்கு மட்டும் நண்பர் வீட்டுக்குப் போங்கள், மிஷின் அவரிடம்தானே இருக்கிறது. முள்ளை யார் எழுந்துபோய்த் தூக்குவது என்று முன்னாடியே பேசிக்கொள்ளுங்கள்.