லினக்ஸில் 4கே திரை: கேள்வி பதில்

கேள்வி: 27 அங்குல 4கே மானிட்டரை லேப்டாப்பின் எச்டிஎம்ஐ-யில் மாட்டினேன். உபுண்டுவில் 30 ஹெர்ட்ஸுக்கு மேல் வரவில்லை. மவுஸ் விட்டுவிட்டு நகர்கிறது. டிரைவரை மாற்றணுமா சார்?

பதில்: டிரைவரில் கை வைக்காதீர்கள். 4கே 60 ஹெர்ட்ஸுக்கு (வினாடிக்கு 60 முறை திரை புதுப்பிக்க) எச்டிஎம்ஐ 2.0 வேண்டும், 1.4 போர்ட் 30-லேயே நின்றுவிடும். முதலில் மானிட்டரின் சொந்த மெனுவைப் பாருங்கள். சில மாடல்களில் 1.4, 2.0 என்று தேர்வு இருக்கும், கடையிலிருந்து வரும்போதே 1.4-ல் கிடக்கும். அடுத்து கேபிளில் 'பிரீமியம் ஹை ஸ்பீட்' முத்திரை இருக்கிறதா பாருங்கள். லேப்டாப் போர்ட்டே 1.4 என்றால் அதில் வழியில்லை. டைப்-சி-யில் வீடியோ வருமானால், அதிலிருந்து மானிட்டரின் டிஸ்ப்ளேபோர்ட்டுக்கு (எச்டிஎம்ஐ போல இன்னொரு வீடியோ இணைப்பு) போகும் கேபிள் வாங்குங்கள்.

கேள்வி: எனக்கு டைப்-சி ஹப் வழியாகவும் அதே 30-தான் அண்ணே.

பதில்: டைப்-சி-யில் அதிவேகத் தடங்கள் நான்கு. ஹப்பில் யுஎஸ்பி 3 இருந்தால் இரண்டை அது எடுத்துக்கொள்ளும். மிச்சம் இரண்டில் டிஸ்ப்ளேபோர்ட் 1.2 வேகத்தில் வினாடிக்கு 8.64 ஜிகாபிட்தான் போகும். 4கே 60-க்கு 12-க்கு மேல் தேவை. அட்டைப்பெட்டியில் வெறும் '4கே' என்று போட்டிருந்தால் 30 என்றே வைத்துக்கொள்ளுங்கள் தம்பி. யுஎஸ்பி 3 உள்ள ஹப்பில் 60 வேண்டுமானால் ஹப், லேப்டாப் இரண்டுமே டிஸ்ப்ளேபோர்ட் 1.4-ஆக இருக்கணும்.

கேள்வி: 60 வந்துவிட்டது, எழுத்து எறும்பு மாதிரி. 150 சதவீதம் வைத்தால் சில செயலிகள் மட்டும் மங்கல்.

பதில்: மங்குபவை பெரும்பாலும் வேலண்டில் (லினக்ஸில் திரையில் ஜன்னல்களை வரையும் புதிய முறை) நேரடியாக ஓடாமல், பழைய எக்ஸ்11 முறைச் செயலிகளுக்கான பாலமான எக்ஸ்வேலண்ட் வழியாக வருபவை, சின்னதாக வரைந்ததை இழுத்துப் பெரிதாக்குவதால் வரும் மங்கல் அது. சோதிக்க எக்ஸ்ஐஸ் (xeyes, மவுஸைப் பார்க்கும் இரண்டு கண்களைக் காட்டும் சிறு செயலி) ஓட்டுங்கள். ஒரு செயலியின் மேல் மவுஸை நகர்த்தும்போது கண்கள் பின்தொடர்ந்தால் அது எக்ஸ் செயலி. பழைய குரோம் பதிப்புகளில் கொடிகள் பக்கத்தில் (chrome://flags) 'ஓசோன்' என்று தேடி வேலண்டுக்கு மாற்றுங்கள். ஃபயர்பாக்ஸ் 121-லிருந்து தானாகவே வேலண்ட். கேடிஇ பிளாஸ்மா டெஸ்க்டாப்பில் பழைய எக்ஸ் செயலிகள் தாங்களே அளவை மாற்றிக்கொள்ள விடும் தேர்வு திரை அமைப்பிலேயே உண்டு.

கேள்வி: கேவிஎம் பெட்டி (ஒரே மானிட்டர், கீபோர்டு, மவுஸைப் பல கணினிகளுக்கு மாற்றித் தருவது) வழியாக மாட்டினால் 1024×768 மட்டும்தான் காட்டுகிறது.

பதில்: மானிட்டர் தன் அளவுகளைச் சொல்லும் இடிஐடி தகவல் பெட்டியைத் தாண்டவில்லை, அதனால்தான் கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) 1024-க்கு இறங்குகிறது. பெட்டியை விட்டு நேராக மாட்டிப் பாருங்கள். சரியானால் பெட்டிதான் குற்றவாளி. எக்ஸ்11-ல் சிவிடி (cvt) கட்டளையால் மோட்லைன் (திரை அளவு, வேகத்தைச் சொல்லும் வரி) எடுத்து, திரை அளவை மாற்றும் எக்ஸ்ரேண்டர் (xrandr) கட்டளையில் சேர்க்கலாம். 2560×1440-க்கு குறைந்த பிளாங்கிங் (படங்களுக்கு நடுவே விடும் வெற்று இடைவெளி) தேர்வோடு எடுங்கள்: பிக்சல் கிளாக், அதாவது பிக்சல்களை அனுப்பும் வேகம், 60 ஹெர்ட்ஸில் 312.25-லிருந்து 241.5 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்கும், சுமாரான கேபிளும் தாங்கும். வேலண்டில் எக்ஸ்ரேண்டர் பலிக்காது. அங்கே திரை அளவைக் கெர்னல் துவக்க வரியில்தான் கொடுக்கணும்.

கேள்வி: டெஸ்க்டாப் சரி, எழுத்து மட்டும் வரும் கருப்பு கன்சோலில் ஒன்றும் படிக்க முடியவில்லை.

பதில்: டெபியன், உபுண்டு என்றால் கன்சோல்-செட்டப் (console-setup) தொகுப்பை மறு-அமைவு (dpkg-reconfigure) செய்து, டெர்மினஸ் எழுத்துரு, 16×32 அளவு தேர்ந்தெடுங்கள்.