ஒரே ஒரு பாஃபானா மேட்ச் பார்க்கத்தான் காசு என்றால், அட்லாண்டாவுக்குப் போங்கள்

டர்பன் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “நானும் மச்சானும் 2026 கால்பந்து உலகக் கோப்பைக்குப் போகப் பணம் சேர்த்து வைத்திருக்கிறோம். ஒரே ஒரு மேட்ச்தான் கட்டுப்படியாகும். மெக்சிகோவில் நடக்கும் முதல் மேட்ச்தான் வேண்டும் என்று மச்சான் ஒற்றைக் காலில் நிற்கிறார். பாஃபானா (நம் தென்னாப்பிரிக்கக் கால்பந்து அணி) அடுத்த சுற்றுக்குப் போனால் அந்த மேட்சைப் பார்க்கலாமே என்பது என் எண்ணம். முதலில், அவர்கள் அடுத்த சுற்றுக்குப் போவார்களா?”

போகலாம். பாதிக்கு மேலேயே வாய்ப்பு இருக்கிறது என்பேன். ஆனால் டிக்கெட் விஷயத்தில் உங்கள் யோசனையும் வேண்டாம், மச்சான் யோசனையும் வேண்டாம். ஜூன் 18, அமெரிக்காவின் அட்லாண்டா, பாஃபானாவின் இரண்டாவது குரூப் மேட்ச். அந்த டிக்கெட்டைத் தேடுங்கள்.

தென்னாப்பிரிக்கா 1998, 2002, 2010 என்று மூன்று உலகக் கோப்பை ஆடி ஒரு தடவைகூட குரூப்பைத் தாண்டியதில்லை, இதை எல்லோரும் சொல்வார்கள். ஆனால் 2002லும் 2010லும் நாம் தலா நாலு புள்ளி எடுத்துத்தான் வெளியே வந்தோம் என்பதை யாரும் சொல்வதில்லை. 2002இல் பராகுவேக்கும் நமக்கும் புள்ளியும் சமம், கோல் வித்தியாசமும் (போட்ட கோலில் வாங்கிய கோலைக் கழித்தால் வருவது) சமம், அவர்கள் ஆறு கோல் போட்டிருந்தார்கள், நாம் ஐந்து, அவ்வளவுதான் கதை. 2010இல் பிரான்ஸை 2-1 என்று ஜெயித்தும், நடுவில் உருகுவேயிடம் வாங்கிய 3-0 நம்மைக் கவிழ்த்துவிட்டது. அதே நாலு புள்ளியோடு மெக்சிகோ மேலே போனது.

இந்தத் தடவை கணக்கே வேறு. 48 அணிகள், 12 குரூப், ஒவ்வொன்றிலும் முதல் இரண்டு அணிகளோடு மூன்றாம் இடத்து அணிகளில் சிறந்த எட்டும் உள்ளே போகும். பன்னிரண்டில் எட்டு என்றால் மூன்றில் இரண்டு பங்கு. யூரோ கோப்பையில் 2016 முதல் ஆறில் நாலு என்று இதே விகிதத்தில்தான் எடுக்கிறார்கள், அதனால் அந்த மூன்று யூரோக்களையும் பார்த்தாலே நமக்குப் பதில் கிடைத்துவிடும். நாலு புள்ளியோடு மூன்றாவதாக வந்த எந்த அணியும் வெளியே போனதில்லை. மூன்று புள்ளி எடுத்தவர்கள் விஷயத்தில்தான் சுவாரஸ்யம்: கோல் வித்தியாசம் மைனஸ் ஒன்று அல்லது அதைவிட நன்றாக இருந்தவர்கள் எல்லோரும் தப்பித்தார்கள், மைனஸ் இரண்டும் அதற்குக் கீழும் போனவர்கள் எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள். (2016இல் போர்ச்சுகல் மூன்று டிராவோடு மூன்றாவதாக வந்து கடைசியில் கோப்பையையே தூக்கியது. அந்த அளவுக்கு நாம் ஆசைப்பட வேண்டாம்.)

ஆக பாஃபானாவுக்கு வேண்டியது ஒரு வெற்றி, அதோடு எந்த மேட்சிலும் பெரிய அடி வாங்காமல் இருப்பது.

இப்போது மச்சான் கேட்கும் மேட்சுக்கு வருவோம். ஜூன் 11, ஆஸ்டெக்கா மைதானம், மெக்சிகோவுக்கு எதிரான தொடக்க ஆட்டம். ஆசை புரிகிறது, 2010இல் இதே ஜூன் 11ஆம் தேதி ஜோஹன்னஸ்பர்க் சாக்கர் சிட்டி மைதானத்தில் மெக்சிகோவுக்கு எதிராக நம் ஷபலாலா அடித்த கோலை மறந்த ஆள் நம் நாட்டில் உண்டா? அன்றைக்கு மெக்சிகோவுக்குப் பயிற்சியாளராக இருந்த ஹாவியர் அகிர்ரேதான் இப்போதும் இருக்கிறார் என்பது இன்னும் வேடிக்கை. ஆனால் உலகக் கோப்பையில் மெக்சிகோ ஆஸ்டெக்காவில் இதுவரை தோற்றதே கிடையாது, 1970லும் சரி, 1986லும் சரி. 2,200 மீட்டர் உயரம் வேறு. ஜோஹன்னஸ்பர்க், பிரிட்டோரியா மேட்டு நிலத்திலேயே ஆடிப் பழகிய நம் பையன்களுக்கு அது மற்றவர்கள் அளவுக்கு மூச்சு வாங்க வைக்காது என்றாலும், அங்கே ஒரு டிரா கிடைத்தாலே கொண்டாடலாம், 1-0 என்று தோற்றால்கூட ஒன்றும் கெட்டுப்போகாது. பணத்தைக் கொட்டி அவ்வளவு தூரம் போய், ‘பெரிதாகத் தோற்கவில்லை’ என்று திருப்திப்பட்டுக்கொண்டு வருவதற்கா?

குரூப்பின் முடிச்சு அட்லாண்டாவில்தான் இருக்கிறது. எதிரணி மார்ச் மாத ஐரோப்பிய பிளேஆஃபில் (மீதி இடங்களுக்கான தகுதிப் போட்டி) முடிவாகும்: டென்மார்க், செக், அயர்லாந்து, வடக்கு மாசிடோனியா, இந்த நாலில் ஒன்று. டென்மார்க் வந்தால் கஷ்டம்தான், மற்ற மூன்றில் எது வந்தாலும் சரிக்குச் சரி ஆடலாம். யார் வந்தாலும் அவர்களுடைய மற்ற இரண்டு மேட்சும் மெக்சிகோவில், அதில் ஒன்று ஆஸ்டெக்காவில். அதனால் அவர்களும் நம்மைத்தான் ஜெயித்தாக வேண்டிய அணியாகப் பார்ப்பார்கள், பொத்திப் பொத்தி ஆட மாட்டார்கள், நமக்குத் திறப்பு கிடைக்கும்.

மூன்றாவது மேட்ச் மான்டெரேயில் தென்கொரியாவோடு. கொரியாவின் நட்சத்திர வீரர் சொன் ஹியுங் மின் இருக்கிறார் என்று பயப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன், 2025 கிளப் உலகக் கோப்பையில் நம் நாட்டு கிளப் சன்டவுன்ஸ் கொரியாவின் உல்சான் அணியை 1-0 என்று ஜெயித்தது. பாஃபானாவின் முதுகெலும்பே சன்டவுன்ஸ், பைரேட்ஸ் என்ற இரண்டு உள்ளூர் கிளப்புகளின் வீரர்கள்தான். ஒருவரோடு ஒருவர் தினமும் ஆடிப் பழகிய அணி இது, பயிற்சியாளர் ஹ்யூகோ புரூஸ் 2021இலிருந்து கட்டியது. உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில், தடையில் இருந்த மொகோனாவை ஆடவைத்ததற்காக மூன்று புள்ளியை ஃபிஃபா பிடுங்கிய பிறகும், கடைசி நாளில் ருவாண்டாவை 3-0 என்று ஜெயித்து, நைஜீரியாவுக்கும் மேலே அந்தத் தகுதிச் சுற்றுக் குரூப்பில் முதலாவதாக வந்தார்கள்.

கவலை முன்வரிசைதான். 2025 ஆப்பிரிக்கக் கோப்பையில் எகிப்து பத்துப் பேரோடு இரண்டாம் பாதி முழுக்க ஆடியது, நம்மால் ஒரு கோல் போட முடியவில்லை. அப்புறம் 2026 ஜனவரி 4ஆம் தேதி கேமரூனிடம் வாய்ப்புகளை வீணடித்துவிட்டு 2-1 என்று தோற்றோம். லைல் ஃபாஸ்டர் ஒருவரையே நம்பி ஓட்ட முடியாது. மொஃபொகெங், அப்பொலிஸ் இருவரும் பாக்ஸுக்குள் இன்னும் நிதானமாக இருந்தால் எல்லாமே மாறும். பின்வரிசை பற்றி எனக்குப் பயமில்லை, ரான்வென் வில்லியம்ஸ் கோலில் நிற்கும்வரை பெனால்ட்டி வந்தாலும் பயமில்லை.

உங்கள் ஆசைக்கு வருகிறேன், அடுத்த சுற்று மேட்ச். அதற்கு இப்போதே விமான டிக்கெட் போட்டுவிடாதீர்கள். பாஃபானா இரண்டாவதாக வந்தால் ஜூன் 28 லாஸ் ஏஞ்சல்ஸ். மூன்றாவதாக வந்து தேறினால் பாஸ்டனோ சியாட்டலோ, நாட்டின் இரண்டு கோடியில் இருக்கும் ஊர்கள். அதுவும் எல்லா குரூப்பும் முடியும் ஜூன் 27 வரை உறுதியாகாது, பாஸ்டன் மேட்ச் ஜூன் 29. அந்த இரண்டு நாளில் என்ன விலைக்கு டிக்கெட் வாங்குவீர்கள்?

அட்லாண்டாவுக்கு ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து நேர் விமானம் உண்டு, டெல்டா ஓட்டுகிறது. மைதானத்துக்குக் கூரை இருக்கிறது, ஜூன் வெயிலில் வேக வேண்டியதில்லை. அமெரிக்க விசா ஒன்று போதும். செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் மெக்சிகோவுக்குத் தனி விசா தேவையில்லை, ஆகவே மச்சான் கடைசி நேரத்தில் மனம் மாறினாலும் பரவாயில்லை. ஆனால் மேட்ச் டிக்கெட் கையில் இருந்தால் விசா தானாக வந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், நேர்காணல் தேதியை முதலில் பிடியுங்கள், ரீஃபண்ட் இல்லாத எதையும் அதற்கு முன்னால் வாங்காதீர்கள்.

லீவுக் கணக்கும் ஒத்துவருகிறது. ஜூன் 16 செவ்வாய், இளைஞர் தினம், எப்படியும் விடுமுறை. அன்றைக்குக் கிளம்பி புதன், வியாழன், வெள்ளி மூன்று நாள் லீவு போட்டால் ஞாயிற்றுக்கிழமைக்குள் திரும்பிவிடலாம். கொரியா மேட்ச் நம் நேரத்துக்கு 25ஆம் தேதி விடியற்காலை மூன்று மணி, அதற்கும் காலையில் பாதி நாள் லீவு சொல்லி வையுங்கள்.