கேள்வி – பதில்: அதிகம் படிக்காத தாயும் பிள்ளையின் வீட்டுப்பாடமும்

கேள்வி: பி.எட். படிக்கும் என் மகளின் பாடக் குறிப்பில், ஜாய்ஸ் எப்ஸ்டீன் என்ற அமெரிக்க ஆய்வாளர் வகுத்த ‘பெற்றோர் பங்கேற்பின் ஆறு வகைகள்’ இடம்பெற்றுள்ளன. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்ட என்னைப் போன்ற தாய், உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் மகனுக்கு எந்த வகையில் உதவ முடியும் என்று அவர் கூறுகிறார்? – வாசகி ஒருவர், விருதுநகர்

பதில்: பால்டிமோரில் உள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் சமூகவியலாளரான எப்ஸ்டீன், பெற்றோரிடம் கேட்கப்பட்டுவந்த இந்தக் கேள்வியை ஆசிரியர்களிடம் கொண்டுபோய்க் கேட்டவர். 1980களின் தொடக்கத்தில் அவரும் சக ஆய்வாளர் ஹென்றி பெக்கரும் மேரிலாந்து மாநிலத்தின் சுமார் 600 தொடக்கப் பள்ளிகளில் 3,700 ஆசிரியர்களிடம் கருத்துக் கேட்டனர். அவர்களுள் சிலரையும் அவர்களுடைய மாணவர்களின் பெற்றோரையும் எப்ஸ்டீன் தொடர்ந்து ஆராய்ந்தபோது தெரியவந்தது இதுதான்: பெற்றோரை அடிக்கடி நாடும் ஆசிரியர்கள், தனித்துப் பிள்ளை வளர்ப்பவர்களையும் குறைவாகப் படித்தவர்களையும் மற்றப் பெற்றோருக்கு இணையாகவே மதிப்பிட்டார்கள், அரிதாக நாடுபவர்களோ, இத்தகையோரால் உதவ முடியாது என்று கருதினார்கள். பழி பெரும்பாலும் எந்தப் பக்கம் சுமத்தப்படுகிறது என்பதை நாம் அறிவோம்.

பிள்ளை வளர்ப்பு, பள்ளியோடு தகவல் பரிமாற்றம், தன்னார்வப் பணி, வீட்டில் கற்றல், முடிவெடுத்தலில் பங்கு, சமூகத்தோடு கூட்டுறவு ஆகியவையே அந்த ஆறு வகைகள். உங்கள் கேள்வி நான்காவதைச் சார்ந்தது. அதற்காக எப்ஸ்டீனும் அவருடைய குழுவினரும் ஒரு வீட்டுப்பாட முறையை உருவாக்கினார்கள். அதில் பெற்றோர் எதையும் கற்பிக்க வேண்டியதில்லை. பாடத்தை நடத்திச் செல்வது மாணவரின் பொறுப்பு. மொழிப் பாடத்துக்கான ஒரு மாதிரித் தாளில், மாணவர் தம் வீட்டுப் பெரியவரிடம், ‘என் வயதில் நீங்கள் இருந்தபோது எந்தத் தலைமுடி அலங்காரம் பெயர்பெற்றிருந்தது, நீங்கள் விரும்பியதை வீட்டார் ஏற்றுக்கொண்டார்களா’ என்பன போன்ற கேள்விகளைக் கேட்டு, விடைகளைக் குறித்து, ஒரு பத்தியாக எழுதி, அதை அவருக்கே வாசித்துக் காட்ட வேண்டும். பிள்ளைக்குப் பாடம் புரிந்திருந்ததா, இருவருக்கும் அது மகிழ்ச்சி தந்ததா என்பதைப் பெரியவர் தாளின் அடியில் குறித்துக் கையொப்பமிட்டால், அது ஆசிரியரிடம் திரும்பிச் செல்லும். அந்த உரையாடலில் விவரம் அறிந்தவர் தாய்தான். அவர் எத்தனையாவது வரை படித்தார் என்ற கேள்வி அங்கே எழுவதே இல்லை.

பக்கத்தில் அமர்ந்து விடை சொல்லிக்கொடுப்பதே உதவி என்ற எண்ணத்தையும் நீங்கள் விட்டுவிடலாம். நான்சி ஹில், டயானா டைசன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் நடுநிலைப் பள்ளி மாணவர்களைப் பற்றிய 50 ஆய்வுகளைத் தொகுத்து 2009இல் வெளியிட்ட கட்டுரையில், வீட்டுப்பாடத்துக்கு உதவுவதற்கும் மதிப்பெண்ணுக்கும் உறுதியான நல்ல தொடர்பு காணப்படவில்லை. பின்தங்கும் பிள்ளைக்குத்தான் வீட்டில் கூடுதல் உதவி கிடைக்கிறது என்பதும் இதற்கு ஒரு காரணமாகலாம். படிப்பின் பயனைப் பேசுவதும், பிள்ளையின் எதிர்கால விருப்பத்தோடு அதை இணைத்துக் காட்டுவதுமே அந்த வயதில் அதிகப் பலனோடு தொடர்புடையவையாக இருந்தன.

எப்ஸ்டீனின் சட்டகத்தில் குறை இல்லாமல் இல்லை. அது பள்ளி வகுக்கும் வழிகளையே மையமாகக் கொண்டு, பள்ளிக்கும் ஏழைக் குடும்பத்துக்கும் இடையிலுள்ள அதிகார வேறுபாட்டை மென்மையாகக் கடந்துவிடுகிறது என்ற விமர்சனம் எனக்கு நியாயமாகவே தோன்றுகிறது. ஆயினும், குடும்பங்களோடு இணைந்து பணியாற்றும் பயிற்சியை ஆசிரியர் கல்வியிலேயே தர வேண்டும் என்று அவர் நெடுங்காலம் வலியுறுத்தி வந்திருக்கிறார். உங்கள் மகள் ஆறு தலைப்புகளை மனப்பாடம் செய்வதோடு நிறுத்தாமல், கற்பித்தல் பயிற்சிக்குப் பள்ளிக்குச் செல்லும்போது அப்படியொரு வீட்டுப்பாடத் தாளைத் தாமே தயாரித்துப் பார்க்கலாம். முதலில் பதில் சொல்ல நீங்கள் இருக்கிறீர்கள்.