லாரி ஹோம்ஸை எங்கே வைப்பது?

குத்துச்சண்டையின் அதிக எடைப் பிரிவான ஹெவிவெயிட்டில், எக்காலத்துக்குமான முதல் பத்துப் பட்டியலில் முன்னாள் சாம்பியன் ஹோம்ஸுக்கு இடமே இல்லை, கிழட்டு முகமது அலியை அடித்தவர்தானே என்று உங்கள் நண்பர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். 1980 அலி போட்டியை இரண்டு பக்கமும் கணக்கில் சேர்க்காதீர்கள். 38 வயது அலியை வென்றது பெருமையும் இல்லை, குற்றமும் இல்லை.

1978இல் கென் நார்ட்டனிடமிருந்து அவர் பட்டத்தை வென்ற போட்டியை முழுசாகப் பாருங்கள். கடைசிச் சுற்று வரை சமமாகப் போய், 15ஆவது சுற்றில் தீர்ந்தது. மூன்று நடுவர்களுமே ஒரு புள்ளி வித்தியாசம்தான் போட்டார்கள், அதில் இருவர் ஹோம்ஸுக்கு. அப்புறம் 1979இல் எர்னி ஷேவர்ஸோடு மோதியது. ஏழாவது சுற்றில் ஷேவர்ஸின் வலதுகைக் குத்தில் விழுந்தும் எழுந்து, 11ஆவது சுற்றில் போட்டியை முடித்தார். ஹோம்ஸின் அந்த இடது ஜாப் (முன்கையை நேராக நீட்டி விடும் வேகக் குத்து)! ஹெவிவெயிட்டில் அதைவிடச் சிறந்ததை நான் பார்த்ததில்லை.

பட்டத்தை வரிசையாக 20 முறை காத்தார். ஆனால் வேறு அமைப்பின் பட்டக்காரரோடு மோதிப் பட்டங்களை ஒன்றாக்கவில்லை. அது உண்மையான குறை. 1988இல் டைசனிடம் விழுந்ததை வைத்து மதிப்பிடாதீர்கள், அப்போது அவருக்கு வயது 38. அதே ஆளே 42 வயதில், தோல்வியே காணாத ரே மெர்சரை வென்றார்.

என் பட்டியலில் ஐந்தாவது இடம். பழைய சாம்பியன்களில் ஜோ லூயிஸுக்கும் அலிக்கும் கீழே, ராக்கி மார்சியானோவுக்கு மேலே.