இங்க்ஜெட் பிரிண்டர்: கேட்டதும் சொன்னதும்

கேள்வி: மூன்று மாதம் கழித்து ஆல்-இன்-ஒன் பிரிண்டரை எடுத்தேன். எழுத்துக்கு நடுவே வெள்ளைக் கோடு விழுகிறது. இங்க் பாதிக்கு மேல் இருக்கிறதே?

பதில்: இங்க் இருக்கிறது, வழிதான் அடைத்துவிட்டது. ஹெட்டில், அதாவது தாளில் இங்க்கைத் தெளிக்கும் பாகத்தில், உள்ள துளைகள் தலைமுடியை விட மெல்லியவை. சும்மா கிடந்தால் அங்கேயே இங்க் காய்ந்துபோகும். முதலில் பிரிண்டர் மெனுவில் நாசில் செக் (துளைகளைச் சோதிக்கும்) பக்கம் ஒன்று எடுங்கள், எந்த நிறம் விட்டுவிட்டு வருகிறது என்று தெரியும். அப்புறம் ஒரு ஹெட் கிளீனிங், மறுபடி நாசில் செக். இரண்டு மூன்று தடவைக்கு மேல் போகாதீர்கள். ஒவ்வொரு தடவையும் நல்ல இங்க்கை உறிஞ்சி உள்ளே இருக்கும் பஞ்சில்தான் கொட்டுகிறது, பஞ்சு நிரம்பினால் அது தனித் தலைவலி. அப்போதும் கோடு போகாவிட்டால், அணைத்துவிட்டு ஓர் இரவு விடுங்கள். காய்ந்தது ஊறி, பல நேரம் தானே திறந்துகொள்ளும்.

கார்ட்ரிட்ஜிலேயே ஹெட் சேர்ந்திருக்கும் மாடல் என்றால் இன்னொரு வழி உண்டு. காய்ச்சி வடித்த நீரில் நனைத்துப் பிழிந்த, நூல் பிரியாத துணியில் துளைப் பக்கத்தைச் சில வினாடிகள் ஒற்றி எடுங்கள். கலர் கார்ட்ரிட்ஜ் துணியில் மூன்று நிறப் பட்டைகளைப் பதித்தால் வழி திறந்துவிட்டது. தேய்க்காதீர்கள், நிறங்கள் ஒன்றுக்குள் ஒன்று கலந்துவிடும்.

கேள்வி: வேலை முடிந்ததும் சுவர் சுவிட்சை அணைத்துவிடுவேன். சரிதானே?

பதில்: சரியில்லை. பிரிண்டரின் பட்டனை அழுத்தினால்தான் ஹெட் ஓரமாகப் போய் ரப்பர் மூடியில் உட்காரும். அந்தக் கரகர சத்தம் அடங்கிய பிறகு சுவர் சுவிட்சை அணையுங்கள். இது தெரியாமல் நானே ஒரு ஹெட்டைக் காய வைத்திருக்கிறேன். வாரம் ஒரு கலர் பக்கமாவது எடுங்கள். ஓடித் தேய்ந்த பிரிண்டரை விட, ஓடாமல் வீணான பிரிண்டரைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: கறுப்பு மட்டுமே எடுக்கிறேன், கலர் ஏன் குறைகிறது?

பதில்: கிளீனிங் பெரும்பாலும் எல்லா நிறத்தையும் சேர்த்தே இழுக்கும். போட்டோ பேப்பர் என்று செட்டிங்கில் இருந்தால், பல மாடல்கள் கலர்களைக் கலந்துதான் கறுப்பைக் காட்டும். சாதாரணத் தாளுக்கு 'பிளெயின் பேப்பர்', 'கிரேஸ்கேல்' (கறுப்பு-வெள்ளை) என்று மாற்றிப் பாருங்கள்.

கேள்வி: தாள்களை அடுக்கி மேலிருந்து ஸ்கேன் செய்தால் நெடுக ஒரு கோடு. கண்ணாடியில் வைத்தால் இல்லை. பிரிண்டர் போச்சா?

பதில்: போகவில்லை. அந்த முறையில் தாள்தான் நகரும், சென்சார் நின்ற இடத்திலேயே நிற்கும். ஆகவே ஒரு பொட்டு அழுக்கு பக்கம் முழுக்கக் கோடாக இழுபடும். பெரிய கண்ணாடியின் ஓரத்தில் ஒல்லியாக இன்னொரு கண்ணாடிப் பட்டை இருக்கும், அதைத் துடையுங்கள். பெரும்பாலும் உலர்ந்த வொயிட்னர் துளியாக இருக்கும், விரல் நுனியால் தடவினால் தட்டுப்படும்.

கேள்வி: புது ரவுட்டர் மாட்டியதிலிருந்து வைஃபை எடுக்கவில்லை.

பதில்: சாதாரண மாடல்கள் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலைவரிசையை மட்டுமே பிடிக்கும். ரவுட்டரில் அது இயங்குகிறதா என்று பார்த்து, பிரிண்டரில் புது பாஸ்வேர்டைக் கொடுங்கள்.

கேள்வி: சிக்கிய தாளைப் பின்பக்கமாக இழுக்கலாமா?

பதில்: முதலில் அணையுங்கள். தாள் போகும் திசையிலேயே, இரண்டு கையாலும், மெதுவாக. கிழிந்தால் துண்டுகளைச் சேர்த்து வைத்துப் பாருங்கள், ஒரு மூலை குறைந்தாலும் அது உள்ளேதான் இருக்கிறது.